சரிபார்க்கிற பெண்

ராணுவ மருந்தகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது, சார். குணமானால் டாக்டர் கைராசி. குணமாகாவிட்டால் மாத்திரை சரியில்லை. அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு என் வேலை பிடிக்கும்.

என்னோடு வேலை பார்த்த அவளுக்குத்தான் அவள் வேலை பிடிக்கவில்லை. நான் மாத்திரைகளை எடுத்துக் கவரில் போடுவேன். அவள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். இதுதான் எங்கள் முறை. நான் தப்பே செய்யாதவன். அதனால் அவளுக்குக் கண்டுபிடிக்க எதுவுமே அகப்படவில்லை.

"தலையாட்டுறதுக்கு ஒரு ஆளா அண்ணே? டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிக் குடுத்துடப் போறேன்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் அந்த அறையில் நான் யாரோடு பேசுவேன்?

மறுநாள் ஒரு கவரில் வேண்டுமென்றே மாத்திரையை மாற்றி வைத்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் மட்டும் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும் அண்ணே?"

முகமெல்லாம் பூரிப்பு. மேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார். டிரான்ஸ்ஃபர் பேச்சு அத்தோடு நின்றது.

பிறகு அவ்வப்போது வைத்தேன். சுலபமாக வைத்தால் அவளுக்குச் சப்பென்று போய்விடும். ஒரே நிறம், ஒரே அளவாகத் தேடி வைக்க வேண்டியிருந்தது. உனக்கு வயசாகிவிட்டது என்று மேஜர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சிப்பாய் முழங்கால் வலிக்கு வந்தவர். மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். சிரித்தபடியே அவள் கவரை நீட்டிவிட்டாள். உள்ளே இருந்தது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. எனக்குத் தெரியும். அவர் வராந்தாவைக் கடந்து சைக்கிளை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தவளை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

படையில் பழகிய மனிதர். சொன்னபடி வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

தன்னால்தான் அவர் செத்துப்போனார் என்று அவள் அழுதுகொண்டே இருக்கிறாளாம். அதைக் கேட்டுத்தான் நானாகவே வந்தேன். மாற்றி வைத்தது நான். கொன்றதும் நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சார். முன்பு அவள் கண்டுபிடித்த தப்புகளும் நான் வேண்டுமென்றே வைத்தவைதான் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், மனசு உடைந்துபோவாள்.