டேங்க் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். நானும் அதைத்தான் செய்தேன். எதிர்வீட்டு வண்டிக்கு வைத்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

செங்கம் சாலையிலிருந்து ஆசிரமத்துக்குப் பின்னால் திரும்பினால் எங்கள் தெரு. என் பெயர் சரசு. எந்த வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேச்சில்லை, மாடியில் வாடகைக்கு வந்த வெள்ளைக்காரி ஏன் அழுதாள் என்பதெல்லாம் என்னைக் கேட்டால் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தெரு என்றிருந்தால் ஒருத்திக்காவது விவரம் தெரிந்திருக்க வேண்டுமில்லையா.

எதிர்வீட்டு விமல்ராஜுக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணுக்குக் கீழ்பென்னாத்தூர், பெயர் ஆர்த்தி. அவள் வந்த அதே வாரம் அந்த வண்டியும் வந்தது. ஏ.டி.வி. என்றான். யானைக்கால் மாதிரி நாலு டயர், மேலே பைக்கைப் போல சீட்டும் ஹேண்டில்பாரும். ஏதோ ஒரு மலை ரிசார்ட்டில் ஓடித் தேய்ந்ததை வாங்கி வந்திருந்தான். தெருவில் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்தது நான்தான். ஊருக்கு வெளியே ஒரு கரட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, வருகிறவர்களை ஏற்றிச் சுற்றவிடுவது அவன் திட்டம். இருந்த வேலையையும் அதற்காக விட்டுவிட்டான்.

வண்டிக்குப் பூஜை போட, சுமங்கலி என்று என்னைக் கூப்பிட்டாள் அவன் அம்மா அருணாதேவி. ஆரத்தி எடுத்தேன். “ஆர்த்திக்கும் ஆரத்தி, தவளைக்கும் ஆரத்தியா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தேன். ஹேண்டில்பாரில், விளக்கில், பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் என்று கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். அன்றைக்கு என் மனதில் சூது எதுவும் இல்லை. அதை நீங்கள் நம்பலாம்.

மறுநாளே வண்டி மக்கர் செய்தது. கிளம்பும்போது புலி மாதிரி கிளம்பும். கொஞ்ச நேரம் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடும்.

“என்னடி சரசு இது, வந்ததும் வராததுமா?” என்று புலம்பினாள் அருணாதேவி.

நான் கீரை ஆய்ந்துகொண்டே, “எல்லாம் வந்த கால் ராசிதான், வேற என்னா?” என்றேன். வாய் சும்மா இருக்க மாட்டாமல் சொன்னது. சாயங்காலத்துக்குள் அது குழாயடியில் என்னிடமே திரும்பி வந்தது, கீழ்பென்னாத்தூர் பெண்ணுக்குக் கால் ராசி சரியில்லையாம் என்று. “அப்படியா!” என்று நானும் கேட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் ரஹமத் வந்தார். பிளக்கை மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போட்டார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். வண்டி நின்றதும் விமல்ராஜ், பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பான். ‘உஸ்’ என்று ஒரு சத்தம். மூடிவிட்டு பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். சற்று ஓடி மறுபடி நிற்கும்.

அந்த ‘உஸ்’ அவர்கள் இருவர் காதிலும் ஏறவில்லை. என் காதில் ஏறியது. எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது. எதிர்ப்பக்கம் காற்றுக்கு ஒரு ஓட்டை போட்டால்தான் இறங்கும். அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம். யாரும் இல்லாதபோது கிட்டப் போய்ப் பார்த்தேன். மூடியின் நடுவில் காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம். அதை அடைத்துக்கொண்டு என் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது.

வண்டி முழுக்கத் துடைத்த ரஹமத் அதை மட்டும் தொடவில்லை. “சாமி பொட்டு. அதுல நான் கை வைக்கக்கூடாதுங்க” என்றார். பூஜைப் பொட்டை அழிக்கக்கூடாது என்று விமல்ராஜும் விட்டுவிட்டான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். படியேறும்போது ஒரு யோசனை வந்தது. கால் ராசி என்று நான் சொன்ன சொல் என்ன ஆகும்? வண்டியைக் கெடுத்தவள் சரசு என்றல்லவா தெரு பேசும். நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் எவள் காது கொடுப்பாள்? கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நடுவில் ஒரு கோடை மழை பொட்டைக் கரைத்துவிட்டது. வண்டி ஜோராக ஓடியது. “இன்னாக்கா, உன் ராசி கணக்கு ஊத்திக்கிச்சா?” என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நானே சந்தனக் கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஆர்த்தி. “எங்க வண்டிக்காகவாக்கா வந்தீங்க? உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுக்கா” என்றாள். நான் மூடியில் பொட்டு வைத்து முடிக்கும்வரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அதற்குப் பிறகு எந்த வெள்ளியையும் நான் தவறவிடவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அம்மா வீட்டு நிலத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்தால், அவித்து எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைப்பாள். நல்ல பெண்.

ஒருநாள் ரஹமத் கையைத் துடைத்துக்கொண்டு, “எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சும்மா. இனிமே மாத்துறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

“மாத்தாதது ஒண்ணு இருக்கு” என்றாள் அருணாதேவி.

உள்ளே ஆர்த்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிறகு என்னிடம் வந்தாள் அருணாதேவி. “ஒரு வாரம் அவள அம்மா வூட்டுக்கு அனுப்பிப் பாக்கட்டுமா சரசு? வண்டி ஓடுதா இல்லியான்னு தெரிஞ்சுடும்.”

“பாக்குறதுல என்னா தப்பு?” என்றேன்.

விமல்ராஜ் தடுப்பான் என்று நினைத்தேன். நொந்துபோயிருந்தவன், “ஒரு வாரந்தானே ஆர்த்தி” என்று மட்டும் சொன்னான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அவர்கள் திரும்புவதற்குள் நான் ஈரத்துணியால் மூடியைத் துடைத்து, தாலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்தேன். அவள் இல்லாதபோது வண்டி நின்றால் என் சொல் நிற்காதே.

வெள்ளிக்கிழமைப் பொட்டை அதற்குப் பிறகு விளக்கில் மட்டும்தான் வைத்தேன். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் வரிசையில் நின்று ஏறியது. “நீ அன்னிக்கே சொன்னியேடி” என்று அருணாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் ஒரு மாதமானது. ஆடி கழியட்டும் என்றார்கள். ஆடியும் கழிந்துவிட்டது. நான் இப்போதெல்லாம் துணியைக் கொல்லைப்பக்கம்தான் காயப்போடுகிறேன். எதிர்வீட்டைப் பார்க்கக் கூசுகிறது.

போன வாரம் ஆர்த்தி போன் செய்தாள். தங்கை சினேகாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்ததாம்.

“எல்லாம் நல்லபடியா நடந்துச்சுக்கா. நான் ரூம விட்டே வெளிய வரல. என் கால் எதுக்கு அங்கன்னு.”

“யாராச்சும் சொன்னாங்களாம்மா?”

“யாரும் சொல்லலக்கா. நானாதான்.” பிறகு அவளே கேட்டாள். “வண்டி ஓடுதாக்கா?”

“ஓடுதும்மா.”

“நிக்கவே இல்லியா?”

“இல்லம்மா.”

அவள் மூச்சுவிட்டது கேட்டது. “போதும்க்கா. நான் வரலன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. அவரு பொழப்பாவது நல்லா இருக்கட்டும்.”

சந்தனம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். வைத்துவிட்டேன்.

அவள் வரவில்லை என்றதை அன்று சாயங்காலமே அருணாதேவியிடம் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லவில்லை. ஒரு ரகசியத்தை நான் காப்பாற்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.