பூட்டில்லாத பொதுப்பலகை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஷரீபுன்னிசா அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் இயற்பியல் ஆசிரியர் விஜயசங்கர் அவர்களே, தாயைப் பறிகொடுத்துவிட்டு நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு மகள் மீனா அவர்களே, தென்காசியிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, கேட்டவுடன் இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட குற்றாலம் லாட்ஜ் மேலாளர் ஏசுதாசன் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வல்லிநாயகம். கணக்கு வாத்தியார். நம்மை விட்டுப் பிரிந்திருக்கும் புவியியல் முதுகலை ஆசிரியை சண்முகசுந்தரி அவர்களோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவன். பிறகு 'பொதுப்பலகை' என்ற இணையதளத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்லுகிறேன்.

பொதுப்பலகை என்றால் என்ன? தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் வீடியோ, குறிப்பு, பழைய கேள்விகள். யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. கொரோனா காலத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது தன் வீட்டு மாடியில் ஒரு போனை ஜன்னலில் சாய்த்து வைத்து இதைத் தொடங்கியவர் சண்முகசுந்தரி டீச்சர். அடுத்து விஜயசங்கர் சார் வந்தார், நான் வந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

எல்லாப் பாடமும் என்று சொன்னேன். அந்த 'எல்லா' என்ற சொல்லுக்காக அவர் எத்தனை சண்டை போட்டிருக்கிறார்! டாக்டர், இன்ஜினியர் ஆக்குகிற நான்கு பாடங்களை மட்டும் எடுத்தால் போதும், பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள் என்று எங்களில் பலர் நினைத்தோம். டீச்சர் கேட்கவில்லை. கணக்குப்பதிவியல் வேண்டும், மனையியல் வேண்டும், தொழிற்கல்விப் பிரிவில் வரும் வேளாண் அறிவியலும் வேண்டும் என்றார். வேளாண் அறிவியல் முதல் பாடம் போட்டு ஒரு மாதம் ஆகியும் அதைப் பார்த்தவர்கள் பதினோரு பேர்தான். நான் கேட்டேன், "டீச்சர், பதினோரு பேருக்காக ஒரு நாள் பூராவும் செலவழிக்கணுமா?"

"பதினோரு பேருன்னா அரை கிளாஸு சார். அரை கிளாஸ் வந்து உக்காந்து காத்துக் கெடக்குன்னா, ஆளு கொறச்சல்னு நீங்க போவாம இருந்துருவீயளா?"

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அச்சன்புதூர் ஜெயசித்ரா. அவர் படித்த பள்ளியில் வேளாண் அறிவியல் பிரிவு இருந்தது. அதற்கு ஆசிரியர் இல்லை. இன்று அவர் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நண்பர்களே, இப்போது ஒரு கசப்பான சம்பவத்துக்கு வருகிறேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனம் எங்கள் வீடியோக்களை மொத்தமாக இறக்கியது. தன் முத்திரையைக் குத்தியது. விஜயசங்கர் சார் முகம் வருகிற இடத்தில் எல்லாம் வேறொருவர் முகத்தை ஒட்டியது. பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு அதைக் காட்டியது. அதோடு விட்டதா? இல்லை! நாங்கள்தான் அவர்களிடமிருந்து திருடினோம் என்று, எங்கள் வீடியோக்களை ஏற்றி வைத்திருந்த சேவை நிறுவனத்திடம் புகார் கொடுத்தது. ஒரு காலை எழுந்து பார்த்தால் எங்கள் வீடியோ ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. வக்கீலைப் பார்க்கலாம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா?

"அதையெல்லாம் மீனா பாத்துக்கிடுவா. மொதல்ல பிள்ளைக என்ன செய்யும்? அதச் சொல்லுங்க."

பாடங்கள் எல்லாம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. ஆனால் வீட்டில் இருந்தால் போதுமா? பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டாமா? அன்று மதியமே என்னைக் கூட்டிக்கொண்டு இந்த லாட்ஜுக்கு வந்தார். மார்ச் மாதம். அருவியில் தண்ணீர் இல்லை, ஊரில் கூட்டம் இல்லை, அறைகள் காலியாகக் கிடந்தன. ஏசுதாசன் அவர்கள் வரவேற்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க ரூம்ல உள்ள டிவியில பென்டிரைவ் சொருகலாமா?"

"சொருகலாம் டீச்சர். யாரு வந்து தங்குதாவ?"

"யாரும் தங்கலை. பிளஸ் டூ பிள்ளைக வரும், படிக்கும், பொழுது சாயுமுன்ன போயிரும்."

ஏசுதாசன் பேப்பரை மடித்து வைத்தார். "ரூம் குடுக்கணும்னா ஐடி ப்ரூஃப் வாங்கணுமே டீச்சர்?"

"ஹால் டிக்கெட் காட்டும். போதுமா?"

அவர் சிரித்துவிட்டார். உரிமையாளரிடம் போனில் பேசி, சம்மதமும் வாங்கித் தந்தார். மறுநாள் காலை முதல் இந்த லாட்ஜின் ஒவ்வோர் அறையும் ஒரு பாடம் ஆயிற்று. மாடியில் முதல் அறை வணிகவியல், அடுத்தது வரலாறு, அதற்கடுத்தது உயிரியல். கணக்குக்குப் பிள்ளைகள் அதிகம் என்பதால், நாம் உட்கார்ந்திருக்கும் இதே கூடம். வேளாண் அறிவியலுக்கு வந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். அவர்களுக்கும் தனி அறை, தனி டிவி! வர முடியாத ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடங்களை மெமரி கார்டில் ஏற்றி, பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்துவிட்டோம். வாசுதேவநல்லூர் வரை போய்ச் சேர்ந்தது. தேர்வு முடியும் வரை இது நடந்தது. ஒரு பிள்ளையும் பாடம் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போகவில்லை.

இதற்கிடையில் மகள் மீனா அந்தப் புகாருக்குப் பதில் எழுதினார். வீடியோ எங்களுடையது என்று எப்படிக் காட்டுவது? ஐந்தருவிப் பக்கம் நின்று டீச்சர் எடுத்த பாடம் ஒன்று உண்டு. தண்ணீர் பாறையை எப்படி அரிக்கிறது என்ற பாடம். அதில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலாளி ஒருவர் ஓரத்திலிருந்து சத்தம் போடுவார்: "யம்மா, அங்கன நிக்காதீய, பாசி வழுக்கும்!" டீச்சர், "சரி அண்ணாச்சி" என்று இரண்டடி தள்ளி நின்று பாடத்தைத் தொடர்வார். அந்த நிறுவனத்தின் வீடியோவில் திரையில் வேறு யாரோ குளிரூட்டிய அறையில் நின்று பேசுகிறார்கள். ஆனால் நடுவில், "யம்மா, அங்கன நிக்காதீய!" இதை மீனா எடுத்துக் காட்டினார். வீடியோக்கள் திரும்பி வந்தன. தேர்வு முடிந்த பிறகுதான் வந்தன என்றாலும், வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை, மேடையில் இருக்கும் விஜயசங்கர் சாரின் அனுமதியோடு சொல்லுகிறேன். இதை நான் மறைக்கக் கூடாது என்று அவரே நேற்று சொன்னார்.

டீச்சர் வீட்டில் கூட்டம். விஜயசங்கர் சார் எழுந்தார். "இனிமே சும்மா திறந்து போடக் கூடாது டீச்சர். போன் நம்பர் குடுத்து, ஓடிபி போட்டு உள்ள வரட்டும். எம் மூஞ்சிய வெட்டி எறிஞ்சிருக்கான். உங்களுக்குக் கோவமே வரலையா?"

"வந்துச்சு சார். ரொம்ப வந்துச்சு. ஆனா ஓடிபி யார் போனுக்குப் போவும்? அப்பா போனுக்கு. அவரு வயக்காட்டுல நிப்பாரு, இல்லன்னா லோடு ஏத்திக்கிட்டு கேரளா போயிருப்பாரு. அவரு வார வரைக்கும் பிள்ளை முழிச்சிக்கிட்டு இருக்கணுமா? திருடுனவனுக்கு அது ஒரு தடையா? ஒரு நம்பரு வாங்கிப் போட்டுட்டு மறுபடியும் எடுப்பான்."

"அப்ப என் உழைப்புக்கு என்ன மரியாதை?"

கேட்டுவிட்டு விஜயசங்கர் சார் வெளியே போய்விட்டார். அன்றே தன் இயற்பியல் பாடங்கள் முழுவதையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். தடுக்க வேண்டும் என்று நாங்கள் குதித்தோம். டீச்சர் சொன்னார், "அவரு உழைச்சது. எடுத்துக்கிட அவருக்குப் பாத்தியதை உண்டு. யாரும் அவருகிட்டப் போயி ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

இயற்பியல் பக்கம் காலியானது. டீச்சர், வேறு இடங்களில் இலவசமாகக் கிடைக்கும் இயற்பியல் பாடங்களைத் தேடிப் பார்த்து, 'எங்களிடம் இல்லை, இங்கே இருக்கிறது' என்று அந்தப் பக்கத்தில் எழுதி வைத்தார். இன்னொன்றும் செய்தார். பிள்ளைகள் கேட்கும் இயற்பியல் சந்தேகங்களை விஜயசங்கர் சாருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். 'சார், ஒரு பிள்ளை கேட்டிருக்கு.' அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்பதில்லை. சாரும் பதில் எழுதிவிடுவார். அவரும் வேறெதுவும் கேட்பதில்லை.

ஏறத்தாழ ஒரு வருடம் போயிற்று. ஒரு நாள் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: 'மின்தூண்டல் பாடத்தை வேறொரு இடத்தில் பார்த்தேன். நடுவில் வெட்டியிருக்கிறது. மீதிப் பகுதி எங்கே கிடைக்கும்?' விஜயசங்கர் சார் அந்த வீடியோவைத் திறந்து பார்த்தார். முகம் வேறு, குரல் அவருடையது. அவர் எடுத்த பாடம்! அந்த நிறுவனத்திடமிருந்து யாரோ எடுத்து, இன்னும் எங்கோ போட்டிருந்தார்கள். அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்:

"டீச்சர், எம் பாடம் திருடன் வீட்டுல மட்டுந்தான் இருக்கு. நம்ம வீட்டுல இல்ல. இது நல்லாவா இருக்கு?"

"உள்ள வாங்க சார். காப்பி போடுதேன்" என்றார் டீச்சர்.

இரண்டு நாளில் இயற்பியல் முழுவதும் திரும்பி வந்தது. பூட்டு இல்லாமல் வந்தது.

கடைசி ஒரு வருடம் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும். மறுகையில் போன் இருக்கும். பிள்ளைகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். வலித்ததா? வலித்தது. சில நாள் அழுதிருக்கிறார், மீனா சொன்னார். பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அவரைத் தெய்வம் என்று இங்கே யாரும் பேச வேண்டாம். நம்மைப் போல ஒருவர். உடம்பு முடியாதபோதும் வேலையை விடவில்லை, அவ்வளவுதான்.

சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். "வேளாண் அறிவியல்ல இன்னும் ரெண்டு பாடம் பாக்கி கெடக்கு சார்" என்றார். அதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

சண்முகசுந்தரி டீச்சருக்குச் சிலை வைப்போமா? அவர் பெயரில் விருது கொடுப்போமா? அவர் கேட்டது அதுவா? பாக்கி கிடக்கும் அந்த இரண்டு பாடங்களை எடுக்க ஜெயசித்ரா ஒப்புக்கொண்டிருக்கிறார். இணையதளத்தின் பொறுப்பை மீனா ஏற்கிறார். பொதுப்பலகையில் ஒருநாளும் பூட்டுப் போட மாட்டோம் என்று சொல்ல விஜயசங்கர் சாரே இப்போது எழுந்து நிற்கிறார், பாருங்கள்! நானும் சொல்லுகிறேன். நீங்களும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

மௌன அஞ்சலிக்கு முன் ஒரு விஷயம். இன்று காலை பொதுப்பலகைக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. வாசுதேவநல்லூர்ப் பிள்ளை. டீச்சர் இல்லை என்பது அதற்குத் தெரியாது. அப்படியே வாசிக்கிறேன்: 'டீச்சர், தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் கேரளாவிலேயே கொட்டிவிடும் என்று சொன்னீர்கள். அப்படியானால் குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி அடிக்கிறது? நாளை எனக்குப் பரீட்சை.'

எனக்குப் பதில் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் நாளை பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்குச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. இந்தக் கூடத்தில் புவியியல் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அஞ்சலி முடிந்ததும் ஒருவர் இங்கே வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், போனை நான் பிடிக்கிறேன்.