முனிகிருஷ்ணன் தின்றதும் புதைத்ததும்

பந்தற்கால் நட்டதிலிருந்து பாய் விரித்தது வரை தம் கையாலேயே செய்துவிட்டு, இப்போது மாலையோடு அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் அவர்களே! மீஞ்சூரில் ரயிலேறி, பொன்னேரியில் பஸ் பிடித்து, பழவேற்காட்டில் படகேறி, எங்கள் கொண்டமேட்டுக் குப்பத்தின் படிப்பக விழாவுக்கு வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியர் அரசப்பன் அவர்களே! அலையை அளந்த கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடிந்தால் கூடை, அடைந்தால் அடுப்பு என்று ஓயாத வாழ்வில் ஒரு மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே! வலை காயப்போட்ட கையோடு வந்து நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இராமலிங்கத்தின் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விருந்தோம்பல்’. மூன்று நாள் தயாரித்தேன். முத்து முத்தாகச் சொற்கள் சேர்த்தேன். அந்தக் காகிதம் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். பேசிப் பேசியே இந்த ஊரில் பெயர் வாங்கியவன் நான். பேச வேண்டிய நாளில் பேசாமல் இருந்தவனும் நான்தான். இன்று அந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்.

முனிகிருஷ்ணன் என்ற பெயரை இந்த மேடையில் சொல்லலாமா?

சலசலப்பு கேட்கிறது. பின்னால் யாரோ, “அந்த டப்பாக்காரனா?” என்கிறீர்கள். ஆமாம் தம்பி, அந்த டப்பாக்காரர்தான். எட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் யாரும் உச்சரிக்காத பெயர். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கல்லெறிவதானால் என் மேல் எறியுங்கள்.

இளைஞர்களுக்கு அவரைத் தெரியாது. யுத்த காலத்தில் மதராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் அவர். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பியது, பட்டாளத்தான் தின்னாமல் விட்ட தகர டப்பாக்கள் மூர் மார்க்கெட்டில் வந்து குவிந்தன. பால் டப்பா, மீன் டப்பா, பழப்பாகு டப்பா, பிஸ்கோத்து டப்பா. வேறு எவனும் சீந்தாத அவற்றை வாங்கி வாங்கி, ஒரு பெரிய டிரங்குப் பெட்டி நிறைய அடுக்கி வைத்தார். ஒருவருக்கு ஊர்ப்பித்து, ஒருவருக்குச் சீட்டுப்பித்து. அவருக்கு டப்பாப்பித்து!

மாதம் ஒரு டப்பா திறப்பார். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். கையில் எடுத்து நான்கு பக்கமும் பார்ப்பார், விரலால் தட்டிக் கேட்பார், மூடியைக் கீறி மோந்து பார்ப்பார். அதன்பிறகுதான் நாக்கு. ஒருமுறை நாற்பத்திரண்டாம் வருடத்து பிஸ்கோத்தைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “இன்னாண்ணே, பிஸ்கோத்து கெட்டுப்போச்சா?” என்று கேட்டேன். “பிஸ்கோத்து நல்லாத்தான் கீது, என் பல்லுதான் பூட்ச்சு” என்றார். சிரிக்கிறீர்கள், அன்றைக்கு நானும் அப்படித்தான் சிரித்தேன்.

இருபது வருடத்து டப்பாவைத் தின்றுவிட்டு மறுநாள் அவர் கம்பீரமாக வலை இழுத்ததை நாம் பார்த்தோம். பார்த்துப் பார்த்து என்ன கற்றுக்கொண்டோம்? டப்பாவுக்குள் போனது கெடவே கெடாது என்று கற்றுக்கொண்டோம். அவர் தின்றதைப் பார்த்தோமே, புதைத்ததைப் பார்த்தோமா? பத்து டப்பா எடுத்தால் நான்கை அவர் திறக்காமலே கொண்டுபோய் மணல்மேட்டில் ஆளுயரப் பள்ளம் தோண்டிப் புதைப்பாராம். விடியுமுன் தனியாகப் போய்ப் புதைப்பாராம். எனக்கே இது போன வாரம்தான் தெரியும்.

அறுபத்தாறாம் ஆண்டுப் புயலை மறந்தவர் யாராவது இங்கே உண்டா? கூரை போனது, படகு போனது, அடுப்பும் அரிசியும் போயின. மூன்றாம் நாள் நிவாரணப் படகு வந்தது. அனுப்பிய நல்ல உள்ளங்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் குற்றமும் இல்லை. அரிசி கொஞ்சம், துணி கொஞ்சம், பட்டாணி டப்பா எண்பது. வழியில் எந்த வெள்ளத்தில் ஊறினவோ, எங்கே அடிபட்டனவோ, யாருக்குத் தெரியும்? பளபளவென்று இருந்தன. நமக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஆசிரியருக்காக இதைச் சொல்கிறேன். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊர் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கும். அதற்குப் பாடு என்று பெயர். ஊருக்குள் எது வந்தாலும் அதே முறைதான். சீட்டில் விழுந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஊர்ப் பங்கில் குறை சொன்னால் ஊரையே குறை சொன்னதாகும். ஆனால் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கமாட்டார்கள். அன்றும் சீட்டுப் போட்டோம், நாற்பது வீட்டுக்கும் இரண்டிரண்டு டப்பா விழுந்தது.

முனிகிருஷ்ணன் அன்று வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு டப்பாவையும் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். பத்தொன்பது வீட்டில் மூடி உப்பிய டப்பா ஒன்று இருந்தது. கெட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் ஊர்க்குற்றம். மூன்று நாள் பட்டினி கிடந்தவன் கேட்கவும் மாட்டான். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தம் பெட்டியைத் திறந்தார். இருபது ஆண்டு பார்த்துப் பார்த்துச் சேர்த்த டப்பாக்களில் நல்லதாகத் தேர்ந்து, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து, உப்பியதை மாற்றி வாங்கினார். வேண்டாம் என்றவர்கள் முன்னால் ஒரு பால் டப்பாவைத் திறந்து தாமே குடித்துக் காட்டினார். பதினெட்டு வீடு மாற்றிக்கொண்டது. அந்தப் பதினெட்டு வீட்டுப் பிள்ளைகளும் அன்று பால் குடித்துத் தூங்கின.

பத்தொன்பதாவது வீடு என் வீடு.

நான் வாசலில் நின்றிருந்தேன். பொன்னேரியில் நன்றி அறிவிப்புக் கூட்டம், அதில் எனக்குப் பேச்சு, கிளம்பும் அவசரம். அவர் வந்து, “இராமலிங்கம், உன் டப்பாவ குடு, என்னுத எடுத்துக்கோ” என்றார்.

நம் வழக்கப்படி நான் ஏன் என்று கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். அவரும் சொன்னார். “இது ஊதிக்கினு கீதுப்பா. உள்ள கெட்டுப்போய்க் கீது. ரத்னாவாண்ட சொல்லு, தொடவே வேணாம்னு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப்போக வந்த வெளியூர்க்காரர் நாலு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்களே, நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காதே! “பட்டாளத்தான் போட்டுட்டுப் போனத துன்ற ஆளு, புதுசப் பாத்துக் கெட்டதுன்றியா? உன் பொட்டில அடுக்க ஆசன்னு நேரா சொல்லேன் நைனா!” என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். “வேணாம்பா, சொன்னாக் கேளு” என்று இன்னொரு முறை கெஞ்சினார். நான் படகேறிப் போய்விட்டேன்.

தாய்மார்களே, என் மனைவி ரத்னா மூன்று நாள் சாப்பிடாதவள். இருந்த அரிசியை எனக்குப் பொங்கிப் போட்டு அனுப்பியவள். பொன்னேரி மேடையில் நான் நின்று, எங்கள் பசி தீர்த்த பட்டாணியைப் பாடிப் பரவிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்த அதே மதியம், அவள் இங்கே தனியாக உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்து தின்றாள். மறுநாள் அவளுக்கு இமை தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, “ரெண்டு ரெண்டா தெரியிற மாமா” என்றாள். பிறகு தண்ணீர் விழுங்க முடியவில்லை. பிறகு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நடு ஏரியில் என் மடியில் மூச்சு நின்றது. அவளுக்கு இருபத்து நான்கு வயது.

ஊர் கூடியது. “முனிகிருஷ்ணன்தான் பழைய டப்பாவை வீடு வீடாகக் கொடுத்தான், அவன் டப்பாதான் கொன்றது” என்று யாரோ சொல்ல, ஊரே நம்பியது. பதினெட்டு வீடு அவர் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு நலமாக இருந்ததே, அதை ஒருவராவது நினைத்தோமா? அவர் “இராமலிங்கத்தைக் கேளுங்க” என்று ஒரே வார்த்தை சொன்னார்.

கேட்டீர்கள். இதே ஆதிநாராயணன் அண்ணன்தான் கேட்டார். “உன் ஊட்ல அவன் குடுத்த டப்பாவா இராமலிங்கம்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அழுகிறான், அதனால் பேச்சு வரவில்லை என்று நினைத்தீர்கள். துக்கம் உண்மைதான். ஆனால் பேச்சு வராமல் இல்லை, அண்ணே. வந்தது. தொண்டை வரை வந்தது. என் கேலியும் என் சிரிப்பும்தான் அவளைக் கொன்றன என்று சொல்லத் துணிவில்லாமல் விழுங்கினேன். அந்தக் காலி டப்பாவை, அது பட்டாணி டப்பாதான் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை, அன்று மாலையே நான்தான் வேலியோரம் புதைத்தேன்.

ஊர் முனிகிருஷ்ணனின் பாடு உரிமையைப் பறித்தது. பெட்டியோடு டப்பாக்களை ஏரியில் கவிழ்த்தது. என் மாமியார் பச்சையம்மா, பெற்ற வயிறு எரிய, அவர் ஊரை விட்டுப் போகும் வழியெல்லாம் மண்ணை வாரித் தூற்றினார். அதோ, தாய்மார்கள் நடுவே அமர்ந்திருக்கிறார். அவர் தூற்றிய மண் என் தலையில் விழுந்திருக்க வேண்டிய மண். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அங்கே ஒரு இரும்புப் பட்டறையில் முனிகிருஷ்ணன் தகரம் அடுக்குகிறார். அறுபது வயது. ஏரிக்காற்று பட்ட உடம்பு துருப்புழுதியில் இருமுகிறது. காலில் விழப்போனேன், தடுத்தார். “என் கால்ல வுழுந்தா எனக்கு இன்னா வரும்? ஊரெல்லாம் பேசுறியே, அந்த ஒரு பேச்ச மட்டும் ஏன்பா பேசல?” என்றார். பிறகு, “நான் செத்தப்புறம் மேடையேறி அழாத. உசுரோட கீறப்பவே சொல்லு. எனக்கு என் பாடு வேணும், ஏரியில எறங்கணும்” என்றார்.

கேட்டீர்களா தோழர்களே? மாலை கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, மறுபடியும் உழைக்க ஒரு இடம் கேட்கிறார்! பிறந்த ஊரில் பாடு பிரிக்கும் சீட்டில் தன் பெயர் வேண்டும் என்கிறார். உங்கள் பிள்ளைகளின் உயிரைத் தன் பெட்டியைக் காலி செய்து காத்தவருக்கு, அதைத் தர மறுப்போமா? நாளைக் காலை புதுச் சீட்டு எழுதுகிறோம். அவர் பெயரை எழுதுங்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள். எத்தனை ஆண்டு என்று ஊர் சொல்லட்டும், எட்டென்றாலும் சரி, என் ஆயுள் என்றாலும் சரி.

யார் அங்கே கை தட்டுவது? தட்டாதீர்கள். இந்த ஓசையைக் கேட்டுத்தான் நான் கெட்டேன். முனிகிருஷ்ணனுக்குப் பாடு தரச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்காவிட்டால் நான் இறங்கமாட்டேன்.

ஒரு கை கூடவா இல்லை?

அத்தை… நீங்களா?

என்ன சொல்கிறீர்கள்? கேட்கவில்லை, கொஞ்சம் வழி விடுங்கள், அவர் பேசட்டும். “கை அந்த ஆளுக்குத் தூக்குனது. உனுக்கில்ல.” கேட்டது அத்தை. நன்றாகக் கேட்டது. எனக்கு வேண்டாம்.

அண்ணன் ஆதிநாராயணன் கை தூக்கிவிட்டார். அதோ முன்வரிசை. அதோ வலைக்காரத் தோழர்கள். போதும், எண்ணத் தேவையில்லை. முதல் படகில் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்புகிறேன், அவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், பெரியோருக்கும், கை தூக்கிய தாய்க்கும் என் நன்றி. வணக்கம்.