அஞ்சாவது மாடியும் அக்காவோட ஆடும்

...இதெல்லாம் ஒரு கேமா சார்? நீங்களே சொல்லுங்க. சுவிட்சைப் போட்டா நாப்பது நிமிஷம் ஒரு பொம்பளை கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நாப்பது நிமிஷம்! நான் பட்டனை அமுக்கறேன், பெருமூச்சு விடறா. மறுபடி அமுக்கறேன், பக்கத்துல நிக்கிற ஆட்டைத் தடவிக் குடுக்கறா. ஓடும்மா, குதிம்மா, எதையாவது பண்ணித் தொலைம்மான்னா... ம்ஹூம். வசனம்! அவங்க அம்மா எழுதின லெட்டராம், மழையில நனைஞ்சுடுச்சாம். நான் கேட்டேனா?

கொஞ்சம் நகந்துக்கங்க சார், இதை நடுவுல வச்சுக்கறேன். தலகாணி உறைதான். உள்ள கேம் பெட்டி இருக்கு. அவசரத்துக்கு வேற பை கிடைக்கல. உங்களுக்கு என்ன ரிப்பேர், பிரிண்டரா? மடியிலேயே வச்சிருக்கீங்களே, கால் மரத்துப் போகாது? டோக்கன் எத்தனை? அம்பத்திரண்டா... எனக்கு நாப்பத்தேழு. இப்பத்தான் முப்பத்தெட்டு ஓடுது. அப்ப பேசிட்டிருக்கலாம், நேரம் கிடக்கு.

உங்களுக்கும் என் வயசுதானே இருக்கும்? அப்ப உங்களுக்குத் தெரியும். நம்ம காலத்துல கேம்னா கேம். கேசட்டைச் சொருகுவோம். ஓடாது. வெளிய எடுத்து அடியில ஃபூன்னு ஊதிட்டுச் சொருகுவோம். ஓடும். மூணாவது செகண்டுல செத்துடுவோம்! அது மரியாதை. எதுக்கு செத்தோம், யாரு கொன்னாங்க, அவனுக்கு சின்ன வயசுல என்ன கஷ்டம்... ஒண்ணும் கிடையாது. ஒரு வௌவால் வந்துது, பட்டுது, போயிட்டோம். அவ்வளவுதான்.

எங்க வீட்டுல 'குடைக்காரன்'னு ஒரு கேசட் இருந்துது. கேள்விப்பட்டதில்லையா? சரி விடுங்க. கையில குடை வச்சிருக்கற ஒருத்தன், எட்டு மாடி கடிகார கோபுரம், மூணு உயிர். சேவ் பண்றதுங்கற பேச்சே இல்ல. ஏழாவது மாடியில செத்தாலும் தரையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். கதையா? அட்டைப் பெட்டி பின்னால போட்டிருப்பான். 'கடிகாரம் நின்றுவிட்டது. ஏறு.' முடிஞ்சுது சார் கதை! இதுக்கு மேல என்ன வேணும் ஒரு மனுஷனுக்கு?

ஒரு தடவை ஆறாவது மாடி வரைக்கும் போயிட்டோம். ஸ்கூலுக்கு நேரமாச்சு. ஆஃப் பண்ணா எல்லாம் போச்சு. நானும் எங்க அக்காவும் அதை அப்படியே ஓடவிட்டு, டிவி மேல துண்டைப் போட்டு மூடிட்டுப் போனோம். சாயங்காலம் வந்து பாத்தா, எங்கம்மா அந்த பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் சொருகி சட்டை தேச்சுட்டு இருக்காங்க. யாரோட சட்டை? என்னோட சட்டை! நான் அழுத அழுகைக்கு அந்தச் சட்டையை மறுபடி தேய்க்க வேண்டியதாப் போச்சு.

ஆமா சார், நான் முடிச்சேன் அந்த கேமை. எட்டு மாடியும். இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துலகூடச் சொன்னேன். அவங்க அப்பா "அப்புறம்?"னு கேட்டாரு. அப்புறம்னா என்ன சொல்றது? லிஃப்ட் மெக்கானிக்குன்னேன். அதைக் கேட்டப்பறம்தான் மனுஷன் நிமிந்து உக்காந்தாரு.

நாப்பது ஓடுது. அங்க ரெண்டாவது கவுன்டர்ல உக்காந்திருக்கே கண்ணாடி போட்ட பொண்ணு, அதுகிட்ட ஏற்கெனவே ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன். "முடியாதுங்க"ன்னுது. அதான் மூணாவது டோக்கன் எடுத்தேன். இந்தத் தடவை நாலாவது கவுன்டர்ல அந்தத் தாடிக்காரர் கூப்பிடுவாரான்னு பாக்கறேன். ஆளு மாறினா பதில் மாறாதா?

இல்ல சார், பெட்டி நல்லா இருக்கு. பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. கோளாறு எல்லாம் இங்க... என் கட்டைவிரல்ல.

எங்க அக்கா இருக்காளே, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நாலு மாசம் முன்னாடி முட்டிக்கு ஆபரேஷன். பயிற்சிக்குத் தவிர வீட்டை விட்டு நகரக்கூடாதுன்னுட்டாங்க. சும்மா இருக்கறவளா அவ? கூட வேலை பாக்கற டீச்சரம்மா ஒருத்தங்க இந்த கேமை எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. ஊரெல்லாம் வெள்ளத்துல மூழ்கிப் போச்சாம். இந்தப் பொம்பளை தபால்காரி. மிச்சம் இருக்கற லெட்டரையெல்லாம் எடுத்துக்கிட்டு, கூட ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டு, மலை மலையா நடந்து போய்க் குடுக்கணும். அவ்வளவுதான் கேம். சண்டை கிடையாது, சுடறது கிடையாது. நடந்துகிட்டே இருக்கணும்!

நான் தினமும் மத்தியானம் போய் அவளைப் பாத்துட்டு வருவேன். போறப்பெல்லாம் கிண்டல்தான். "என்னக்கா, தபாலாபீஸ் தொறந்தாச்சா?" "இதுல தோக்கவே முடியாதேக்கா, அப்புறம் என்ன விளையாட்டு?" ஒரு நாள் போறேன், டிவியைப் பாத்து அழுதுகிட்டு இருக்கா. ஒரு கிழவருக்கு லெட்டர் குடுத்தாளாம், அவரு அதைப் பிரிக்காமலே பெட்டியில வச்சுக்கிட்டாராம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன் சார். "பட்டனை அமுக்கி அமுக்கி அழற ஒரே ஆளு நீதான்"னு.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்துது, அப்ப எனக்குப் புரியல. நடைப் பயிற்சி எத்தனை சொல்லியிருக்காங்களோ அத்தனையும் வலியோட முடிச்சப்பறம்தான் ஒரு அத்தியாயம் விளையாடுவா. பாத்ரூம் வரைக்கும் நடக்கப் பல்லைக் கடிச்சவ, அந்த டிவியில மலை ஏறிட்டு இருந்தா. அப்புறம் அந்த ஆறு. மூணாவது ஆறு. நிறைய பேருக்கு அந்த ஆறு ஆட்டை அடிச்சுட்டுப் போயிடுமாம். அவசரப்பட்டு இறங்கிடுவாங்களாம். எங்க அக்கா இறங்கல. தண்ணி வடியற வரைக்கும் தபால்காரியைக் கரையில உக்கார வச்சுட்டு, பக்கத்துல இவ காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி... மூணு நாள். ஆடு பொழைச்சுது. "தம்பி, ஆடு கரையேறிடுச்சுடா!"ன்னு எனக்கு போன். நான் ஒரு லிஃப்டுக்குள்ள தலைகீழாத் தொங்கிட்டு இருக்கேன்.

கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் பாக்கி. என்னிக்கு ஊன்றுகோலைக் கீழ வச்சிட்டு நடக்கலாம்னு டாக்டர் சொல்றாரோ, அன்னிக்குத்தான் முடிப்பேன்னு வச்சிருந்தா. இன்னிக்குத்தான் சார் அந்த டாக்டரைப் பாக்க அத்தானோட போயிருக்கா. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவா.

மணி என்ன? மூணேகாலா? அடக் கடவுளே.

முந்தாநாள் நடந்தது சார். எப்பவும்போல நான் வாய் கிழியப் பேசிட்டு இருந்தேன், எங்க காலத்துல அப்படி, எங்க காலத்துல இப்படின்னு. அவளும் என் காலம்தான், அதை யாரு நினைச்சா? "மொதல் பாலத்தைத் தாண்டுடா பாக்கலாம்"னுட்டு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கிளம்பிப் போயிட்டா. பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பி மாட்டறதுக்காக நான் மட்டும் வீட்டுல. கம்பியை அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டேன். அப்புறம் கை அரிச்சுது.

போட்டேன். ஏதோ எழுத்து வந்துது. அமுக்கினேன். மறுபடி எழுத்து. அமுக்கினேன். நமக்குத்தான் பழக்கம் தெரியுமே சார், திரையில எழுத்து வந்தா யாரு படிக்கறது? ஆட்டம் ஆரம்பிக்கற வரைக்கும் டக் டக் டக்னு அமுக்கிட்டே போகணும். கட்டைவிரல் தானா ஓடுது. ஆமா, ஆமா, ஆமா... அதுல ஒரு ஆமா என்னன்னா, 'ஏற்கெனவே உள்ள பயணம் அழிக்கப்படும், சம்மதமா?'

இந்த கேம்ல ஒரே ஒரு பதிவுதானாம் சார். வாழ்க்கை மாதிரியாம். எவன் யோசிச்சானோ!

அதுகூட எனக்கு அப்பத் தெரியாது. நான் பாட்டுக்கு விளையாடறேன். மொதல் பாலம். கயித்துப் பாலம். ஒரு... பத்துப் பன்னெண்டு தடவை விழுந்தேன். சரி, முப்பது. அது கஷ்டம் சார்! காத்து அடிக்குது, மூட்டை சாயுது, ரெண்டு கையையும் தனித்தனியாப் பிடிக்கணும். தோக்கவே முடியாதுன்னு சொன்னவன் மண்ணைக் கவ்விட்டு இருக்கேன். சுலபம்னு ஒண்ணு இருந்துது, அதுக்கு மாத்தினேன். விழுந்தேன். அதுக்கும் கீழ ஒண்ணு இருந்துது. பேரு என்ன தெரியுமா? 'கதை மட்டும்'! கதையே வேணாம்னு தம்பட்டம் அடிச்சவன் 'கதை மட்டும்' போட்டு விளையாடினேன். அதுலயும் விழுந்தேன். ஆடு தனியா அந்தப் பக்கம் போய் நின்னு என்னைத் திரும்பிப் பாத்துது.

அப்புறம் எப்படித் தாண்டறதுன்னு பாக்க நெட்டைக் கனெக்ட் பண்ணேன். அங்க ஒரு நகல் பத்திரமா இருந்துதாம் சார், அக்காவோடது. நெட் வந்ததும் என்னோடது போய் அது மேல உக்காந்துக்கிச்சாம். இதைத்தான் அந்தக் கண்ணாடிப் பொண்ணு ரெண்டு தடவை விளக்கிச் சொல்லுச்சு. சும்மா இருந்திருந்தாக்கூடப் பொழைச்சிருக்கும். நான்தான் தேடிப் போய்க் கொன்னேன். நாலு மாசம் ஒருத்தி வலியோட ஏறின மலையையும், ஒரு ஆட்டையும்.

சொல்லல சார். எப்படிச் சொல்றது? காலையில அவ கிளம்பினதும் "பெட்டி சூடாகுதுக்கா, தூசி தட்டிட்டு வரேன்"னு போன்ல ஒரு புளுகு. தூசியாம்!

இன்னொண்ணு சொல்றேன். எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியல, நீங்க பிரிண்டரோட வந்தவரு. குடைக்காரன் கேம் நான் முடிச்சேன்னேனே... அஞ்சாவது மாடியில ஒரு பெண்டுலம் ஆடும். அதை நான் தாண்டினதே இல்ல. ஒரு தடவைகூட இல்ல. அங்க வந்ததும் அக்காகிட்ட நீட்டிடுவேன். அவ தாண்டி விட்டுட்டு, கன்ட்ரோலரை என் கையில திருப்பிக் குடுத்துடுவா. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் சுலபம் சார். கடைசியில பேர் எழுதச் சொல்லி வரும். என் பேரைப் போட்டா. இத்தனை வருஷம் என் பீத்தலைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா, ஒரு நாள்கூட, யாருகிட்டயும்...

ஒரு நிமிஷம். அவதான். ஐயோ. எடுக்கட்டுமா சார்?

ஹலோ... சொல்லுக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? ...நிஜமாவா! கோலே வேணாமா? ...ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்க? ...படியிலயா! லிஃப்ட் இருக்கேக்கா, போன வாரம்தானே நானே சர்வீஸ் பண்ணேன்! ...சரி, சரி, ஏறு. மெதுவா ஏறு... பெட்டியா? அது வந்து... தூசி... அக்கா. அக்கா, தூசி இல்லக்கா. நான்... ...என்னது? உனக்கு எப்படி... ...முந்தாநாளேவா? ...ம். ...ம். ...இல்லக்கா, படிக்கல. ...ஆடு போச்சுக்கா. ...அக்கா? ...இருக்கேன்கா. ...சரி. ...பாலம் வந்தா என்னக்கா பண்றது? ...சரிக்கா. ...வரேன்.

தெரியும் சார் அவளுக்கு. முந்தாநாளே தெரியும். இந்தக் கேமெல்லாம் எதையாவது செஞ்சா ஒரு பட்டம் குடுக்குமாம், போனுக்குச் செய்தி வருமாம். பயிற்சியில காலை நீட்டிட்டு இருக்கறப்ப அவ போனுக்கு வந்திருக்கு. 'வாழ்த்துகள்! முதல் பாலத்தில் ஐம்பது முறை விழுந்தவர்.' அவ பேர்ல! ...ஆமா சார், அம்பது. முப்பதுன்னு சொன்னேன், தெரியும்.

ரெண்டு நாளா நானா சொல்றேனான்னு பாத்துட்டு இருந்திருக்கா. ஆடு போச்சுன்னதும் "நாலு மாசம்டா"ன்னா. கத்தியிருந்தா தேவலை சார். மெதுவாச் சொன்னா.

தண்டனை குடுத்துட்டா. உடனே வீட்டுக்கு வரணுமாம். மொதல்லேர்ந்து நான்தான் விளையாடணுமாம், அவ பாப்பாளாம். திரையில வர்ற ஒரு எழுத்து விடாம சத்தமாப் படிக்கணுமாம். அந்த நாப்பது நிமிஷம் கடல், லெட்டர், பெருமூச்சு எல்லாம். ஒரு தடவை படிக்காம அமுக்கினா மறுபடி மொதல்லேர்ந்து. நம்ம காலத்துல அப்படித்தானேங்கறா!

இந்தாங்க, என் டோக்கன். நாப்பத்தாறு ஓடுது, அடுத்தது நீங்கதான். எனக்கு இனிமே தாடிக்காரர் வேணாம். உங்க பிரிண்டருக்கு என்னன்னு கேக்கவே இல்ல பாருங்க. அது எதுனா கேட்டா, படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க சார்.

பாலம் வந்தா என்னக்கா பண்றதுன்னு கேட்டேன். மூணாவது மாடி வரைக்கும் ஏறிட்டா போல, வீட்டுக் கதவைத் தொறக்கற சத்தம் கேட்டுச்சு. "எங்கிட்டக் குடு, தாண்டி விட்டுட்டுத் திருப்பித் தரேன்"னா.