மாமி வீட்டுத் தூக்கு

“ஹலோ… சந்திரிகா மாமியா? எதிர்வீட்டு மதரசாவுலேர்ந்து டீச்சர் உம்மே ஹானி பேசறேன்… ஆமா, ஆமா, நோன்புக் கஞ்சி குடுத்தோமே… இல்ல மாமி, கறி போடாமதான் காய்ச்சினோம். உங்களுக்குன்னு பிள்ளைங்களே தனிப் பானை வச்சாங்க… அப்படியா, சந்தோஷம்… இல்ல, நான் கூப்பிட்டது… நேத்து நீங்க தூக்குல அடை அனுப்பினீங்களே… ‘உங்களுக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு’ன்னு சொல்லி விட்டீங்கன்னு, அதை வாங்கிட்டு வந்த எங்க பிள்ளை குல்சும் சொன்னா… வந்துச்சு, வந்துச்சு…

…பார்த்துட்டீங்களா?”

உம்மே ஹானி நின்றிருந்த வகுப்பறையின் சுவரில் பிள்ளைகள் வரைந்த ‘அண்டை வீட்டார் உரிமை’ சார்ட் தொங்கியது. நேற்றுவரை அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவளுக்கு இன்று அந்தப் பக்கம் திரும்பவே கூசியது. காரடையான் நோன்பு அடை சாமிக்குப் படைத்ததாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, பிள்ளைகள் கண்ணெதிரே தெருக் குப்பைத்தொட்டியில் கொட்டியவள் அவள்தான்.

“பால்கனியிலேர்ந்தா… ஐயோ… ஆமா, நான்தான். பிள்ளைங்க மேல தப்பில்ல… சத்தியமா வெறுப்புல இல்ல மாமி! பூஜையில வச்சது நாங்க சாப்பிட மாட்டோம், அதான்… என்னது?… தனி ஈடா வேக வச்சீங்களா?… படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சீங்களா?… எங்களுக்குன்னேவா?”

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்… ஆமா… ஆமா, பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். குழம்புல கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்தியாவது அண்டை வீட்டுக்குக் குடுன்னு நபிமொழி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு நம்ம ஊரு வழக்கம். ரெண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கஞ்சி ப்ராஜெக்ட்டே… கேளுங்க மாமி, நல்லா நாலு வார்த்தை கேளுங்க… திட்டவும் மாட்டீங்களா?

மாமி… உங்க தூக்கு இங்கதான் இருக்கு. சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நானே கஞ்சியோட வந்து, அவங்க முன்னாடியே மன்னிப்பு… வரவேணாமா?… சரி… கஞ்சி வேணாம்னா பேரீச்சம்பழமாவது… அதுவுமா?… சரி… சரி மாமி… வாட்ச்மேன் கிட்ட குடுத்துடறேன்… என்னது?… வெறும் தூக்கையா?… ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க… மாமி?… வெறுமனே எப்படி மாமி அனுப்புவேன்… ஹலோ?… மாமி?… ஹலோ?”