பூத்திரைக்குப் பின்னால அடிச்ச கதிர்

போட்டோவுங்களா? கதிர் ட்ரம்ஸ் அடிக்கற போட்டோ ஒண்ணு கூடவா இல்லைன்னு கேக்கறீங்க. இல்லீங்க. அதனாலதான் இந்த அஞ்சலி ஃப்ளெக்ஸுல மில்லு ஐடி கார்டு மூஞ்சி. ஏன் இல்லைன்னு சொல்லத்தான் மைக்கப் புடிச்சேன். தலைமை தாங்கற சென்னிமலை ஐயாவுக்கும், மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், கதிருக்காக வந்திருக்கற உங்க அத்தன பேருக்கும் வணக்கமுங்க. நான் சபரீஷ். காலேஜ பாதியில உட்டவன். 'காலி ஷெட்' பேண்டுல பேஸ் கிட்டார்.

பேரு ஏன் அப்படி? ஐயாவோட கோழிப்பண்ணையிலதான் பழகுனோம். ஐயா பையன் மிதுன்தான் பாட்டு. ஒரு பேட்ச் கோழிய வித்து ஏத்தியுட்டா, அடுத்த குஞ்சு வர்றதுக்குள்ள பதினஞ்சு நாள் ஷெட்டு காலி. வருசத்துக்கு ஆறு தடவ எங்க பேண்டு பொறக்கும், ஆறு தடவ சாகும். கோழி எருவக் கூட்டித் தள்ளுனது ஆரு? மிதுனா? நானா? கதிருங்க! மில்லுல ஷிப்ட்டு முடிச்சு வந்து, கூட்டித் தள்ளிப்போட்டு, அப்புறம் ட்ரம்ஸுல ஒக்காருவான். "மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பாடற மொத ராக் பேண்டு நாமதான்டா"ம்பான்.

போன ஆவணியில மிதுனோட அக்கா கனிஷ்கா கல்யாண ரிசப்ஷன். எங்களோட மொத பெரிய மேடை. ஐயா, அன்னிக்கு என்னங்க சொன்னீங்க? "நம்ம பண்ணையில தீவனம் போடற சின்னான் பையன்தான? அடிக்கட்டும் கண்ணு. சம்பந்தி ஊட்டுக்காரங்க கண்ணுல மட்டும் படவேண்டாம்." பூ ஜோடிச்ச திரைக்குப் பின்னால ட்ரம்ஸப் போட்டோம். நானும்தானுங்க தூக்கியாந்து போட்டேன்!

அந்த ரிசப்ஷன் வீடியோவ நெட்டுல மூணு லட்சம் பேரு பாத்தாங்க. ஈரோடு, திருப்பூருன்னு கச்சேரிக்குக் கூப்புட்டாங்க. ஒருத்தன் கமெண்ட்டு போட்டான்: 'ட்ரம் மெஷின் சூப்பர்.' கதிர் அதுக்கு லைக் போட்டான். மிதுனும் நானும் சிரிச்சோம். அது மெஷின் இல்ல, கதிருன்னு எழுத எத்தன நேரமாகும்? எழுதலீங்களே! அடுத்த ஷெட்டு காலியானப்ப அவன் வரலை. பேண்டு முடிஞ்சுது. இருவது நாளைக்கு முன்னால, மில்லுக்குப் போறப்ப சத்தி ரோட்டுல லாரி அடிச்சுது. அவனும் முடிஞ்சான்.

இன்னிக்கு ஃப்ளெக்ஸுல அவன் 'ராக் நட்சத்திரம்'! என்ன மிதுனு, சட்டையப் புடிச்சு இழுக்கற? எறங்கறேன் இரு. ட்ரம்ஸு ஷெட்டுலயே நினைவுச்சின்னமா இருக்கும்னு பேசுனியே, நாளைக்குக் காலையில குஞ்சு வருதே, எங்கடா வெப்பே? அந்த ட்ரம்ஸு அவன் சம்பளத்துல வாங்குனதுடா.

கடைசியா உறுதிமொழி எடுக்கோணுமாம். 'அவர் விட்ட பணியைத் தொடர்வோம்'னு தாளுல எழுதிக் குடுத்திருக்காங்க. எந்தப் பணிங்க? எருவு கூட்டறதா?

அந்தக் கமெண்ட்டுக்குக் கீழ காலையில எழுதிட்டேன்: 'மெஷின் இல்லீங்க. கதிர்.' ஒரு வருசம் லேட்டு. சின்னான் ஐயா ரோட்டுல டெம்போவோட நிக்கறாரு. கூப்புட்டுப் பாத்தேன், "நான் உள்ள வரலீங்க தம்பி, பையன் சாமானக் குடுத்துருங்க"ன்னாரு. பழகறப்பக் குடுத்த ஷெட்டு சாவி இன்னும் என்றகிட்டத்தான் இருக்குது.

நான் போகோணுமுங்க.