ஏடன் சாலையில் விட்டுவந்த அண்ணன்

குண்டு லாரிக் கதவில் பட்டது. டங். தகரத்தில் கல்லடித்த சத்தம். அடுத்து கண்ணாடி. அண்ணன் கத்துகிறார்.

"இன்னா பாத்துக்கினு கீற? கீய குதிடா! ஓடு!"

குதிக்கிறேன். மணல் சுடுகிறது. சாலையோரப் பள்ளத்தில் தவழ்கிறேன். மறுபடியும் சடசடவென்று சுடுகிறார்கள். பிறகு தொட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம் மட்டும். அண்ணன் இறங்கவில்லை.

ஏடன். 1967 செப்டம்பர். அண்ணன் மரியதாஸ் அரசாங்கத் தண்ணீர் லாரி ஓட்டினார். நான் கிளீனர். காணி நிலம் இல்லாத, பெருநகர் என்ற கிராமத்துக் காலனி ஆட்கள். அப்பா பரங்கிமலையில் துரை வீட்டில் சமைத்தவர். அந்தப் பழக்கத்தில் கடல் தாண்டினோம்.

எந்த அரசாங்கம்? சொல்கிறேன். தென் அரேபியாவில் சுல்தானும் அமீரும் ஷேக்கும் ஆண்ட குட்டி நாடுகளை 1959இல் வெள்ளைக்காரன் ஒரு கூட்டாட்சியாகக் கட்டினான். பாதுகாப்புத் தருவதாகக் கையெழுத்துப் போட்டான். 1963இல் தன் நேரடி ஆட்சியில் இருந்த ஏடன் துறைமுகத்தையும் இழுத்துச் சேர்த்தான். 1966இல், நான் போகிறேன், போன பிறகு காக்க மாட்டேன் என்றான். அவ்வளவுதான் அவன் கையெழுத்து.

அந்தக் கூட்டாட்சியின் கொடி எங்கள் லாரிக் கதவில் இருந்தது. கறுப்பு, பச்சை, நீலம், நடுவில் பிறை. சுல்தான்கள் ஒவ்வொருவராகக் கவிழ்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்த போராளிகள் அந்தக் கொடியைக் கண்ட இடத்தில் சுட்டார்கள். அதன்மேல் அடிக்க அண்ணன் சுண்ணாம்பு கரைத்தே விட்டார். வண்டிகளுக்குப் பொறுப்பான துரை தடுத்தான். அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றான். தன் பெண்டாட்டியை முந்தின மாதமே கப்பல் ஏற்றிவிட்டவன்.

அன்று பள்ளத்திலிருந்து எழுந்து அவனிடம்தான் ஓடினேன். அண்ணனை எடுத்துவர ஒரு வண்டி கேட்டேன். காலில் விழுந்தேன். ஷெட்டில் மூன்று லாரி நின்றது. மூன்றிலும் துரைமார் சாமான். நாற்காலி, ஐஸ்பெட்டி, ஒரு பியானோ. துறைமுகத்துக்குப் போகவேண்டுமாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

மறுநாள் விடிந்ததும் நடந்தே போனேன். லாரி எரிந்திருந்தது. உள்ளே அண்ணன் இல்லை. சாலையிலும் இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள், இன்றுவரை தெரியாது. நவம்பர் முப்பதில் வெள்ளைக்காரனும் போய்விட்டான். கேட்பதற்கு அரசாங்கம் என்று ஒன்று இல்லை.

கூட்டாட்சி முயற்சி தோற்றது என்று எழுதுகிறார்கள். தோற்றவர்கள் ஊருக்குப் போய்ப் பென்ஷன் வாங்கினார்கள். செத்தவன் தண்ணீர் கொண்டுபோனவன்.

எனக்கு எண்பது வயது. கல்லறைத் திருநாளில் பெருநகரில் எல்லாரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அண்ணி லூர்துமேரி கையில் மெழுகுவர்த்தியோடு நடுவில் நிற்பார்.

"இத்த எங்க வெக்கிறது, நீயே சொல்லு" என்பார். போன வருஷம் அண்ணியும் போய்ச் சேர்ந்தார்.

கணக்கு இது. எட்டு வருஷம் இருந்த ஒரு கூட்டாட்சி. அதற்கு நான் அழமாட்டேன். ஒரு தண்ணீர் லாரி. அண்ணன் மரியதாஸ், வயது இருபத்தெட்டு. அண்ணியின் வாழ்நாள் முழுவதும். அண்ணிக்குக் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறோம். அதில் புதைக்க ஒரு எலும்புகூட இல்லை.